தகரத்தில் வரைந்த கழுதைக் காது

1
மனித அறிவின் வரலாற்றில் முதன்முறையாக, முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன்: தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று பெயர்பெற்ற புனித அந்தோணியார் இதுவரை ஒரு கழுதையைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை. குவானஹுவாட்டோ பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தத்துவம் படித்ததன் மொத்த விளைச்சல் இந்த வாக்கியம். இதை வைக்க ஓர் இடம் வேண்டுமே என்றுதான் கதையையே ஆரம்பித்தேன்.

2
மலைச்சரிவில் மெல்லப் புலர்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமை…

(வேண்டாம். புலரும் கதைகளை நானே படிப்பதில்லை.)

குயவர் பவுதேலியோவின் கழுதை பலோமாவைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அறுபது பானைகளை மலையிலிருந்து கீழே கொண்டுபோக அவருக்கு வேறு வழி கிடையாது. நேராக, தகரத்தில் நன்றிப்படம் வரையும் செலெரீனா அக்காவிடம் போனார். அற்புதம் நடந்தால் அதை வரைந்து, அடியில் நன்றி எழுதிக் கோயிலில் மாட்டுவது எங்கள் ஊர் வழக்கம். பவுதேலியோவோ, அந்தோணியார் பலோமாவைக் கொண்டுவந்து விடுவதுபோல வரைந்து, அற்புதத்துக்கு முன்பே மாட்டச் சொன்னார். நன்றியை வாங்கிக்கொண்ட புனிதர் வேலையைச் செய்யாமல் இருக்க முடியாதாம்.

அக்காவின் பட்டறையில் உட்கார்ந்திருந்த நான் சிரித்த சிரிப்பில் பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது. (கவிழவில்லை. மூடி மட்டும் விழுந்தது.)

இவரை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கினால் கதை எடுபடும். முயன்றேன். ஒத்துழைக்க மறுக்கிறார்.

3
புதன்கிழமை படத்தை மாட்டினார்கள். வியாழக்கிழமை பவுதேலியோவின் வாசலில் ஒரு கழுதை நின்றது. பலோமாவின் இடது காது நுனியை எப்போதோ நாய் கடித்துவிட்டது. இதற்கு இரண்டு காதும் முழுசு. மத்தியானமே சொந்தக்காரன் வந்து, திட்டித் தீர்த்துவிட்டு ஓட்டிப்போனான். பவுதேலியோ மறுபடி அக்காவிடம் வந்தார்.

"நீ முழுக் காது வரைஞ்சிட்டே தங்கச்சி. அந்தோணியாரும் முழுக் காதோடயே அனுப்பிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"மாட்டினதுல இனி கை வைக்க மாட்டேன்ணே. நன்றியத் திருத்துனா அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்." பிறகு அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நம்பிக்கையில்லாத எவனாவது திருத்தினாதான் உண்டு."

4
முடிவு அ: பலோமா வருகிறது. என் முதல் வாக்கியம் பணால்.

முடிவு ஆ: வரவில்லை. நான் ஜெயிக்கிறேன். பவுதேலியோ அறுபது பானைகளையும் தன் முதுகிலேயே

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை.)

5
சனிக்கிழமை மதியம் கோயிலில் யாரும் இல்லை. அக்காவின் மெல்லிய தூரிகையும் ஒரு சிறு டப்பா நீலமும் என் சட்டைப்பைக்கு எப்படி வந்தன என்பது கதைக்குத் தேவையில்லாத விவரம். பெஞ்சில் ஏறினேன். படத்தில் வானத்துக்குப் பூசிய அதே நீலத்தால் பலோமாவின் காது நுனியை மறைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு முறை.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், சந்தை நாளைக்குத்தான். ஒன்றே ஒன்று: இடது காது. கழுதைக்கு இடது, உங்களுக்கு அல்ல.