தூங்குமூஞ்சி மரத்து அம்மன்

மரம் வெட்ட மனுப் போட்டவர்கள் ராயபுரத்தில் எத்தனையோ பேர் உண்டு. மரத்தோடு சேர்த்துத் தன் மூக்கையும் அறுத்துக்கொள்ள மனுப் போட்டவர் தாமோதரன் ஒருவர்தான்.

தாமோதரன் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக முப்பது வருஷம் மூட்டை எண்ணிவிட்டு ரிட்டயரானவர். மூட்டை எண்ணியதை அவர் வாயால் கேட்டால் 'ரயில்வே நிர்வாகம்' என்றுதான் வரும். கடலோரத்துச் சந்துகளில் வலையும் மீன்கூடையுமாக இருக்கும் ஜனங்களுக்கு நடுவே, தான் ஒருவரே கோட்டு வைத்திருப்பவர் என்கிற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு. அந்தக் கோட்டை அவர் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. வெயிலில் காயப்போட்டுப் பார்த்தவர்கள் அதிகம்.

அவர் வீட்டு முன்புறம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒரு தூங்குமூஞ்சி மரம். அவர் தகப்பனார் நட்டது. வயது ஏற ஏற அடிமரம் பருத்து, சுவரைப் பிளந்துகொண்டு, பாதி வயிற்றைத் தெருவிலும் பாதியை வீட்டிலும் தள்ளிக்கொண்டு நின்றது. தலை மட்டும் மொத்தமாகச் சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் பொந்து, தோள் வரைக்கும் கையை விடலாம். போன கார்த்திகைப் புயலில் ஒரு கிளை முறிந்து எட்டு ஓடும் ஒரு பானையும் தூளாயின. அவர் மனைவி செல்லம்மா அப்போது அடுப்படியில், பானைக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் கூரையைப் பார்த்தபடியே சமைத்தாள். ரசத்தில் இரண்டு தரம் உப்பு விழுவதைத் தாமோதரன் பொறுத்துக்கொண்டார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் பேனாவை எடுத்தார் என்று தெருவில் ஒரு பேச்சு.

பாதி மரம் தெருவில் இருப்பதால் கார்ப்பரேஷன் டிவிஷன் ஆபீஸ் உத்தரவு இல்லாமல் கோடாலி வைக்க முடியாது. தாமோதரன் இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினார். பதில் இல்லை. நாலு பக்கம் எழுதினார். ஐந்தாவது மனுவுக்குப் பிறகு, ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் சைக்கிளில் வந்து இறங்கினார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கண்ணில் படுவதை எல்லாம் நோட்டில் எழுதுவார், எழுதாததை நம்பமாட்டார்.

அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். பொந்தில் கையை விட்டார். மேலே அண்ணாந்து பார்த்து, உடனே நாலடி பின்னால் போனார். மரம் செத்துப்போச்சு, வெட்ட வேண்டியதுதான் என்று அவரே சொன்னதும் தாமோதரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் இங்கிலீஷுக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் தெருப்பக்கம் சுற்றி வந்தார்.

அங்கே மரத்தடியில் சிமெண்டு மேடை. மேடையில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல். பக்கத்தில் சூலம், எலுமிச்சம்பழ மாலை. மீன்காரி கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். இது எத்தனை நாளாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அது கீது பன்னெண்டு வருசமா," என்றாள் கன்னியம்மா. "கிளார்க்கரு கனாவுலதான் ஆத்தா வந்து எடம் கேட்டுச்சு. அவரையே கேளு."

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். வழிபாட்டு இடம் இருக்கும்போது மரத்தில் கை வைக்க உத்தரவு தர முடியாது, ஐந்து மனுவில் ஒன்றிலாவது இதை எழுதியிருக்கலாமே என்றார். தாமோதரன் கன்னியம்மாவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். 

மறுத்துச் சொல்வதற்கு வாய் எங்கே இருக்கிறது? அந்தக் கல்லின் கதை அவருக்குத்தான் தெரியும். செல்லம்மாவுக்கும் தெரியும்.

நாற்பத்தொன்றாம் வருஷத்தில் தெருமுனையில் கள்ளுக்கடை இருந்தது. குடித்துவிட்டு வருகிற அத்தனை பேருக்கும் இந்த மரத்தைக் கண்டால்தான் முட்டிக்கொண்டு வரும். தாமோதரன் சுவரில் 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதிப் பார்த்தார். அந்த எழுத்தின் மேலேயே குறிபார்த்துப் போனார்கள். ஒருநாள் விடியலில், செல்லம்மாவின் முனை உடைந்த அம்மிக் குழவிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மரத்தடியில் நட்டுவிட்டு வந்தார். ஒரே வாரத்தில் நாற்றம் போயிற்று.

அடுத்த வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. ரயில்வே நிர்வாகி முதல் வண்டியில் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தார். கடலை விட்டுப் போக முடியாத ஜனங்கள் அங்கேயே கிடந்தார்கள். பயம் தெளிந்து இவர் திரும்பி வந்து பார்த்தால், குழவிக்கு மேடை கட்டியாகிவிட்டது. தெருவைக் காத்த ஆத்தா என்று பெயரும் வந்துவிட்டது. ஆடியில் கூழ் ஊற்றப் போகிறார்கள். தாமோதரனுக்கு வயிறு எரிந்தது. நான் வைத்த கல்லுக்கு இவர்களா பெரிய மனிதர்கள்? அன்றைக்கே, அம்மன் முதலில் தன் கனவில் வந்துதான் இடம் கேட்டாள் என்று சொல்லி வைத்தார். தெரு கேட்டுக்கொண்டது. அந்த வருஷத்திலிருந்து கூழில் முதல் சொம்பு அவருக்குத்தான். பதினோரு ஆடியாகக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் முதல் சொம்பை வாங்கி வந்திருக்கிறார். கோட்டு வெளியே வந்தது அதற்கு மட்டும்தான்.

இப்போது இன்ஸ்பெக்டர் இரண்டு வழி சொன்னார். தெரு ஜனங்கள் ஒத்துக்கொண்டு அம்மனை வேறிடத்துக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர், அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதித் தரவேண்டும். எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடியுங்கள், மரம் அதுவரைக்கும்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

தாமோதரன் முதல் வழியை எடுத்தார். எப்படி எடுத்தார் என்றால், இன்னொரு கனவு கண்டார். மறு வெள்ளிக்கிழமை தெருவைக் கூட்டி, அம்மன் மறுபடி வந்ததாகவும், குழாயடி வேப்பமரத்துக்குப் போக ஆசைப்படுவதாகவும், தூங்குமூஞ்சி மரத்தடி தன் அந்தஸ்துக்குத் தகாது என்று வருத்தப்பட்டதாகவும் சொன்னார். அந்தஸ்து என்கிற வார்த்தையை அம்மனே சொன்னாள் என்றார்.

கன்னியம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா கிளார்க்கரே, பன்னெண்டு வருசமா வாயத் தொறக்காத ஆத்தா உன் ஓடு ஒடைஞ்சதும் வந்து பேசிச்சா?"

தாமோதரன் தெய்வ சித்தம் என்று ஏதோ ஆரம்பித்தார்.

"இருக்கட்டும். நாங்களும் தூங்கத்தானே தூங்குறோம். எங்க கனாவுலயும் ஒரு தபா வந்து சொல்லட்டும், தூக்கிக்கினு போலாம்."

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு, தாமோதரன் தெருவில் நடந்தால், ராத்திரி தன் கனவில் எம்டன் கப்பல் வந்ததாகவும் மாமியார் வந்ததாகவும் யாராவது யாருக்காவது உரக்கச் சொல்வார்கள். அவர் காது கேளாதவர்போல நடப்பார். இத்தனைக்கும் நடுவில், ஆடியில் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் முதல் சொம்பை வாங்கிவரத் தவறவில்லை. வெட்கம் என்பதும் கோட்டைப்போல்தான் அவருக்கு. பெட்டியில் இருக்கும், எடுப்பது அபூர்வம்.

ஆவணியில் ஒரு மழை அடித்தது. பெரிய மழைகூட இல்லை. அதற்கே நடுக்கிளை பிளந்து சமையலறைக்குள் இறங்கிவிட்டது. நேராக அம்மி கிடந்த இடம். செல்லம்மா பாதி அரைத்த தேங்காயை அம்மியிலேயே விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தாள். குடத்தோடு வந்து வாசற்படியில் நின்று, ஓட்டுச் சில்லும் தேங்காய்ச் சாந்தும் கலந்து கிடந்ததைப் பார்த்தாள்.  குடத்தை இறக்கி வைத்தாள்.

"இன்னாங்க, உங்க கனா பெரிசா, என் மண்டை பெரிசா?"

தாமோதரன் யோசித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. முதல் சொம்பு கண் முன்னால் வந்தது, தெரு கைகொட்டிச் சிரிப்பது வந்தது, கோட்டு வந்தது. அவர் பதிலோடு திரும்புவதற்குள் செல்லம்மா நாலு புடவையை மூட்டை கட்டிவிட்டாள். தண்டையார்பேட்டையில் அவள் தம்பி வீடு.

"மரம் சாஞ்சா ஆளு அனுப்புங்க. அதும் அடியில நீங்க சாஞ்சாலும் அனுப்புங்க, வரேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

தாமோதரன் ஐந்து நாள் டீயும் பன்னுமாகக் கழித்து, கூரையைப் பார்த்தபடி நடையில் படுத்துக் கிடந்தார். ஆறாம் நாள் டிவிஷன் ஆபீசுக்குப் போனார். பயத்தை விடப் பசிதான் அழைத்துப் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதித் தருகிறேன், நுணுக்கமான விஷயம் பாருங்கள் என்றார். ஆறுமுகநயினார் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்சேபம் இருந்தால் சொல்லும்படி, நகலை ஏழு நாள் மரத்திலேயே ஒட்டவேண்டும். தெரு படிக்கிற பாஷையில் எழுதுங்கள் என்றார். எழுதினார். இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டி, கனவு சமாசாரம் பதிவாகியிருக்கிறது, அதற்கும் ஒரு வரி வேண்டும் என்றார். அதையும் எழுதினார்.

மறுநாள் காலை மரத்தில் காகிதம். ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்த ஜார்ஜுக்கு நல்ல குரல். மாதா கோயிலில் பாடுகிறவர். வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, கூட்டம் சேரும் வரை காத்திருந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"மேற்படி மரத்தின்மேல் குடிகாரர்கள் சிறுநீர் கழித்து வந்தபடியால், அதைத் தடுக்கும் பொருட்டு, என் மனைவியின் உடைந்த அம்மிக் குழவிக்கு மஞ்சள் பூசி மேற்படி இடத்தில் வைத்தவன் நானே. மேற்படி அம்மன் என் கனவில் எக்காலத்திலும் வந்ததில்லை. இது என் மனமறிந்த உண்மை."

கூட்டம் இன்னொரு தரம் படிக்கச் சொன்னது. சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி படித்தார். ஏழு நாளும் இரண்டு வேளை இந்தப் பாராயணம் நடந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த தாமோதரனுக்கு, தன் எழுத்து நடை ஜார்ஜின் வாயில் கம்பீரமாகத்தான் இருக்கிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியதாம். அப்படிப்பட்ட பிறவி.

தெரு சும்மா விடாது, சாமியை வைத்து ஏமாற்றியதற்கு அடிக்கத்தான் வரும் என்று எதிர்பார்த்தார். நாலாம் நாள் தண்ணீர் தீர்ந்து போய், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, குடத்தோடு குழாயடிக்கு வந்தார். ஒருவரும் கோபமாகப் பார்க்கவில்லை. கன்னியம்மா அவருடைய குடத்தை வாங்கிக் குழாயில் வைத்தாள்.  கோபமில்லையா என்று அவரே கேட்டுவிட்டார்.

"இன்னாத்துக்கு?" என்றாள் கன்னியம்மா. "அன்னிக்கு வெடியக்காலம் நானு கரையிலேர்ந்து கூடையோட வந்துகினு இருந்தேன். நீ வேட்டியில கொழவியச் சுத்திக்கினு திருடனாட்டம் வந்ததைப் பார்த்தேன். பொம்பளைங்க அத்தினி பேர் கிட்டயும் சொன்னேன்."

தாமோதரன் மடக்கிய குடையை விரித்தார், மறுபடி மடக்கினார்.

"நாங்க கூடைய எறக்கி வெச்சிக்கினு வண்டிக்கு நிக்கிற எடம் அது. கலீஜ் போச்சில்ல? எத்தினி பேரைத் தடுத்துச்சு அந்தக் கல்லு. சாமி வேற இன்னா செய்யும்? மேடை கட்டினோம். நீ வெச்சியா வானத்திலேர்ந்து வுழுந்துச்சான்னு எவ கேட்டா?"

அப்படியானால் முதல் சொம்பு எதற்கு என்று முனகினார். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார். குழாயடியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஆசைப்பட்டுக் கேட்டே. கோட்டு வேற மாட்டிக்கினு வந்து நின்னே. போவட்டும் பாவம்னு ஊத்தினோம்."

குடம் நிரம்பி வழிந்தது. கன்னியம்மாவே தூக்கி அவர் இடுப்பில் வைத்தாள். பன்னிரண்டு வருஷமாக ஒரு தெருவையே ஏமாற்றி வந்ததாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர், தண்ணீர் தளும்பத் தளும்ப வீட்டுக்குப் போனார்.

ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாள் உத்தரவு வந்தது. விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்கிற உசேன், ரம்பமும் கயிறுமாக இரண்டு ஆளோடு வந்தார். சாமி இருக்கிற வரைக்கும் மரத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்து உட்கார்ந்துகொண்டார். கன்னியம்மா கூடையைக் கழுவி, வேப்பிலை பரப்பி, குழவியைத் தூக்கி அதில் வைத்தாள். பெண்கள் குலவையிட்டுக்கொண்டு குழாயடி வேப்பமரத்துக்குப் போனார்கள். தாமோதரனை யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மரம் இரண்டு நாளில் தரையில் கிடந்தது. உள்ளே முழுக்கச் சொத்தை, ஊதினால் பறக்கும், விறகுக்குக்கூட ஆகாது என்று உசேன் காறித் துப்பினார்.

ஆள் அனுப்பியதும் செல்லம்மா வந்தாள். புது ஓடு போட்ட சமையலறையில் நின்று வானம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு அளவாக இருந்தது.

மறு வருஷம் ஆடியில் முதல் சொம்பு செல்லம்மாவுக்குப் போயிற்று. கொழவி உன்னுதாச்சே என்று கன்னியம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள். தாமோதரன் கோட்டில்லாமல் வரிசையில் பதினாறாவது ஆளாக நின்று வாங்கிக் குடித்தார். கூழ் என்னவோ அதே ருசிதான்.

மரம் இருந்த இடத்தில் இப்போது புதுச் சுவர், சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேரென்று. கள்ளுக்கடை போய் அங்கே சைக்கிள் கடை வந்து நாளாகிவிட்டது. ஆனாலும் வெள்ளைச் சுவரைக் கண்டால் சில ஆண்களுக்குக் கால் தானாக நின்றுவிடும். ஒருநாள் மத்தியானம் ஒருவன் நின்றான். தாமோதரன் பாய்ந்து போய் அதட்டினார். அவன் வேலையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தான்.

"இன்னா நைனா, இங்க சாமியா கீது?"

தாமோதரன் உள்ளே வந்தார். செல்லம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.  அவள் கையில் உருண்டுகொண்டிருந்த குழவியையே பார்த்தபடி நின்றார். நன்றாகத் தேய்ந்து, வழவழவென்று, மஞ்சள் பூசினால் பிடித்துக்கொள்கிற பக்குவத்தில் இருந்தது.

செல்லம்மா அரைப்பதை நிறுத்தினாள். சாந்தை வழித்தாள். குழவியைக் கழுவி, முந்தானையில் துடைத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.