அடுப்படி வரை வந்த குழி

பழைய பெட்ரோல் பங்க்கில் தோண்ட ஆரம்பித்த குழி, திங்கட்கிழமை காலையில் வீரணனின் தெருவுக்கு வந்து சேர்ந்தது. வரும் என்று அவனுக்குத் தெரியும். அவன்தான் அதைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

வீரணன் மண் பரிசோதகன். பங்க்கை மூடி, தரைக்கடியில் கிடந்த டீசல் டேங்க்கை வெளியே எடுத்துவிட்டார்கள். எண்ணெய் ஊறிய மண்ணையும் அள்ளியாக வேண்டும். எதுவரை அள்ளுவது என்று சொல்வது அவன் வேலை. குழியின் ஓரத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைவான். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பான். வாடை அடித்தால் தோண்டு, அடிக்காவிட்டால் நிறுத்து. நிறுத்து என்று அவன் இன்னும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அதற்கென்று, எண்ணெய் பட்டால் விசில் அடிக்கும் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அவன் அதைப் பெட்டியை விட்டு எடுத்ததில்லை. ஒவ்வொரு பிடிக்கும் புதுக் கையுறை மாட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. கையுறை போட்டவனிடம் மண் முகம் கொடுத்துப் பேசாது என்பது வீரணனின் கொள்கை. கொள்கைக்கு மட்டும் அவனிடம் பஞ்சமே கிடையாது.

குழி பஸ் ஸ்டாண்டை எட்டியபோது பஸ்கள் உள்ளே இறங்கி, ஆள் ஏற்றிக்கொண்டு, மேலேறிப் போயின. கல்யாண மண்டபத்தை எட்டியபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார் ஊற்றுகிறவர் மட்டும் ஒரு ஏணி கேட்டார். கொடுத்தார்கள்.

பொக்லைன் ஓட்டும் ஒச்சு, வண்டியை வீரணனின் வீட்டு வாசலில் நிறுத்தினான்.

“சார், அடுத்தது உங்க அடுப்படி. தோண்டவா, வேணாமா?”

ஜன்னலில் வீரணனின் மனைவி பவளக்கொடி நின்றாள். இந்த வீட்டுக்காகச் செங்கல் சூளை வரைக்கும் போய்ச் சண்டை போட்டவள்.

“ஏங்க, ஊரத் தோண்டுனது போதாதா? வீட்டுல கை வச்சீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

“மண்ணு என்ன சொல்லுதோ அதான்.”

“நான் சொல்றது காதுல ஏறாது. மண்ணு சொல்றது மட்டும் ஏறுதாக்கும்.”

வாடை இல்லை என்று சொல்லிவிட்டால் வீடு தப்பும். ஆனால் தெருவே வாசலில் நின்று அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் சுவரோரம் ஒரு பிடி அள்ளி மோந்தான். டீசல்தான். சந்தேகமே இல்லாத டீசல்.

மேலதிகாரியைப் பார்க்க ஓடினான். அலுவலகம் அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மேஜைக்குப் பின்னால், தோளில் சால்வையோடு, டேங்க் உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்த அதே டேங்க்தான். அத்தனை அனுபவத்தைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது என்று பதவி கொடுத்துவிட்டார்கள். வீரணன் கைகட்டி நின்றான்.

“ஐயா, எங்க வீட்ட மட்டும் விட்டுறலாங்களா?”

“நான் மண்ணுக்குள்ள இருந்த வரைக்கும் ஒரு சொட்டு கசிஞ்சதில்ல.” குரல் உள்ளே ஒரு சுற்றுப் போய்விட்டு வெளியே வந்தது.

“வயித்துல ஓட்டை தெரியுதுங்களே ஐயா.”

“அது காத்தோட்டத்துக்கு. நீ எந்தக் கையால மண்ண எடுக்குற?”

“இந்தக் கையாலதான்.”

“எல்லா எடத்துலயுமா?”

“எல்லா எடத்துலயும்.”

“நடுவுல கழுவுவியா?”

வீரணன் யோசித்தான். சாப்பிடும் முன் கழுவுவான். மண்ணைத் தொட எதற்குக் கழுவுவது? டேங்க் வாயைத் திறந்து டங்கு டங்கென்று சிரித்தது.

அவன் திரும்பி வந்து, முதல் தடவையாகக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தான். ஒச்சு மண்வெட்டியால் அடுப்படி மண்ணை வெட்டி நீட்டினான். கருவி மூச்சு விடவில்லை. பஸ் ஸ்டாண்டு மண்ணுக்கும் கல்யாண மண்டபத்து மண்ணுக்கும் அதே மௌனம். வீரணன் அதைத் தன் உள்ளங்கையில் வைத்தான். அது குக்கர் மாதிரி விசில் அடித்தது. முழங்கையில் வைத்தான், நெஞ்சில் வைத்தான், விசில் நிற்கவில்லை. ஒரு கையைக் கழுவாத குற்றத்துக்கு ஊரையே தோண்டிய மேதை வேறு எங்கும் இருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டான். அவமானத்தில் காது சுட்டது.

“எதுவரைக்கும் ஊறிருக்கு சார்?” என்றான் ஒச்சு.

“முழுசும்.”

“அப்ப அள்ளிற வேண்டியதுதான்.”

ஒச்சுவிடம் கோபமோ கேலியோ இல்லை. பொக்லைனின் பக்கெட்டை மெதுவாக இறக்கினான். வாடை அடித்தால் அள்ளு என்பது வீரணன் போட்ட சட்டம். அவனே பக்கெட்டில் ஏறி உட்கார்ந்தான். பக்கெட் அவனை, அள்ளிய மண்ணைக் கொண்டுபோக நின்ற லாரியில், டீசல் மண்ணின் மேல், பதமாக இறக்கிவிட்டது.

பவளக்கொடி வெளியே ஓடி வந்தாள். லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

“எனக்கு ஒரு வாடையும் தெரியலயே. இவரு எப்பவும் போலத்தான இருக்காரு?”

ஒச்சு தயங்கித் தயங்கிக் கருவியை அவள் கையருகே கொண்டுபோனான். அது விசில் அடித்தது.

“உங்களுக்கும் ஊறிருச்சுக்கா. ஆனா நீங்க எறங்கிக்கங்க. நான் பாக்கலன்னு சொல்லிர்றேன்.”

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு செங்கல்கூட நகராமல் வீடு அப்படியே நின்றது. இறங்கிப் போ என்று சொல்ல வீரணன் வாயெடுத்தான், சொல்ல மனம் வரவில்லை.

பவளக்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லாரிக்குள் ஏறினாள்.

“தள்ளி உக்காருங்க,” என்றாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான். ஒச்சு தார்ப்பாயை இழுத்து இருவரையும் மூடினான்.