ஆடாத முறம்

பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஸ்டாண்டு வாசற்படியில் குறுக்கே மாட்டிக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்றது. சின்னராசு அதைச் சாய்த்தான், திருப்பினான், கடைசியில் ஒரு உதை விட்டு உள்ளே தள்ளினான். கயிற்றுக் கட்டிலில் கிடந்த அப்பா தீர்த்தகிரி கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"மெதுவாண்ணா," என்றாள் பாஞ்சாலை. "அவரு பயந்துக்கப் போறாரு."

வாதம் வந்து அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிச்சம் இடது கைதான். பால்வாடியில் ஆயாவாக இருக்கும் பாஞ்சாலைக்கு ஒரு யோசனை வந்தது. சாணி மெழுகிய முறத்தில் சுண்ணாம்பால் வரிசையாகப் படம் போட்டாள். சட்டி என்றால் கஞ்சி, பானை என்றால் தண்ணீர், அடுத்து ஒரு மாடு, கடைசியில் ஒரு பஸ். பஸ் என்றால் சந்தவாசலில் கிளீனராக இருக்கும் அண்ணன். முறத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தால் வேண்டியதைத் தொடுவார். நல்ல யோசனைதான், பிடிக்கிற கை ஆடாமல் இருந்தால். காலையில் தண்ணீருக்குத் தவித்தவரின் விரல் சறுக்கி மாட்டின் மேல் விழ, அம்மா மாதம்மாள் பசுவை அவிழ்த்து வாசல்வரை இழுத்து வந்துவிட்டாள். பசு உள்ளே எட்டிப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிரிக்கிற நேரமா அது, இருந்தும் பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. சின்னராசுவுக்கு வரவில்லை.

உழவு மாட்டில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் மலையிறக்கி விற்றுவிட்டு ஓடியவன் அவன். 'இந்த வூட்டுப் படி ஏறக்கூடாது' என்று ஆள் விட்டுச் சொன்ன அப்பா, அதற்கப்புறம் அவன் பேரையே எடுத்ததில்லை. நேற்று அவன் வந்ததிலிருந்து அந்த விரல் மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அலைந்துகொண்டே இருந்தது.

"என்னத்தான் கூப்புட்றாரா, இல்ல இன்னும் அந்த மாட்டத்தான் கேக்கறாரா? அது தெரியணும் எனக்கு," என்றான். "முறம் ஆடாம நின்னா தெரிஞ்சிடும்."

"அவரு மூஞ்சிக்கு எதுக்கால வந்து ஒக்காரு, தன்னால தெரியும்."

"மொதல்ல ஸ்டாண்டு."

அவனுக்கு அப்பா முன்னால் உட்காரப் பயம். அது தெரிந்ததால் பாஞ்சாலைக்கு எரிச்சல்தான் அதிகமாயிற்று.

கரும்பலகை ஸ்டாண்டு ஆளுயரம் நின்றது, படுத்திருப்பவர் கைக்கு எட்டாது. பானை வைக்கிற முக்காலியோ கட்டில் சட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. சின்னராசு கொடுவாளோடு ஓடைப்பக்கம் போய் மூன்று பச்சை மூங்கில் வெட்டி வந்தான். அளவு சரியாக இருந்தது. கயிற்றைச் சுற்ற ஆரம்பித்ததும் மாதம்மாள் வந்து பிடுங்கினாள்.

"உசுரோட கீற மனுசன் பக்கத்துல பச்ச மூங்கிலு கட்றியா? இன்னா பாடையா இது?"

"முறம் வைக்கம்மா."

"எதுக்கா இருந்தா இன்னா. எடுத்து வெளிய போடு."

மூங்கில் வீட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டான். "ஜமுனாமரத்தூர்ல மைக் செட்டு சேட்டுகிட்ட இரும்பு ஸ்டாண்டு கீது. மேல கீழ ஏத்தி எறக்கலாம். வாங்கியாறேன்."

"போவாதண்ணா. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது."

"தோ வந்துர்றேன்."

அவன் போனதும் பாஞ்சாலை கட்டில் ஓரத்தில் ஏறி, முழங்காலைக் குத்திட்டு, முறத்தை அதன் மேல் சாய்த்துக்கொண்டாள். இடது கை மெல்ல வந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தாள். விரல் பஸ்ஸில் நின்றது. எடுத்து மறுபடியும் அங்கேயே வைத்தார்.

"அண்ணனத்தானேப்பா? வந்துடுவான்ப்பா."

விரல் முறத்தில் பட்டபடியே கீழே சரிந்தது. அது திரும்ப எழும் என்று அவள் பிடித்தபடியே இருந்தாள். மாதம்மாள் வந்து அவர் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

சின்னராசு பாதை வளைவிலேயே அழுகையைக் கேட்டுவிட்டான். மைக் ஸ்டாண்டைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு வந்தான்.

"பஸ்ஸத்தாண்ணா தொட்டாரு. ரெண்டு வாட்டி."

"எதுல வச்சிருந்த?"

"முட்டி மேல."

"முட்டி ஆடியிருக்கும்," என்றான்.

அவனை ஒரு அறை விடலாம் போல இருந்தது அவளுக்கு. அவன் முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை.

பாடை கட்ட வந்த பெரியப்பா கோபால்சாமி, "பின்னால மூங்கிலு வெட்டிக் கெடக்குதே," என்றார்.

"அது வேற வேலைக்கு வெட்டினது, பெரிப்பா." சின்னராசு திரும்ப ஓடைக்குப் போய்ப் புதிதாக வெட்டி வந்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்து வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொடுவாள் சத்தம் கேட்டுப் பாஞ்சாலை போய்ப் பார்த்தாள். மூன்று மூங்கிலையும் கால் பரப்பிக் கட்டி, அதில் முறத்தை ஏற்றியிருந்தான்.

"ஆடுதா பாரு," என்றான்.

ஒரு கால் கட்டையாக இருந்தது. அவள் ஒரு ஓட்டுச்சில்லைப் பொறுக்கி அடியில் செருகினாள்.

"இப்ப?"

"ஆடல."

அவன் முறத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். இத்தனை நாளும் பின்னாலிருந்தே பிடித்துப் பழகிய பாஞ்சாலையும் சுற்றி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். மாட்டின் கொம்பும் வாலும் போட்டபடி இருந்தன, முதுகில் மட்டும் சின்னதாக ஒரு கீறல். பானையின் ஓரம் கொஞ்சம் கலைந்திருந்தது. பஸ் இருந்த இடம் விரல் பட்டுப் பட்டுச் சாணி தெரியத் தேய்ந்துபோய், அடியில் ஒரு சக்கரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.