ஏழு மணி வரை ஒலிபெருக்கி

பிப்ரவரி எட்டாம் தேதி சனிக்கிழமை, மூன்றாவது குறுக்குத் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்காக, தெருமுனைத் திடலில் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளக் காவல் நிலையம் அனுமதி அளித்திருந்தது.

சங்கத்தின் செயலாளர் கேட்டது ஒன்பது மணி வரை. அவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். இந்த அனுமதிக்காகத் தன் விடுப்பையெல்லாம் அரை நாள் அரை நாளாகக் கரைத்திருந்தார். நகராட்சியில் போய்த் திடலைக் கேட்டால், முதலில் காவல் நிலையத்தில் வாங்கி வாருங்கள் என்றார்கள். காவல் நிலையத்தில், இடமே இன்னும் கிடைக்கவில்லை, சத்தத்துக்கு எப்படிக் கொடுப்பது என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில் மட்டும் ஒருவர் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். அதிகாரி வரமாட்டார் என்று சொல்வதற்காகத்தான் உட்காரச் சொல்லியிருக்கிறார் என்பது வெகுநேரம் கழித்தே தெரிந்தது.

கடைசியில் காவல் நிலைய எழுத்தர் மனுவைக் கையில் வாங்கினார்.

"பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கா?"

"சின்னது சார். பிரசவம் மட்டும்தான் பாக்கறாங்க."

"பொறக்கறது சின்னதுன்னா சத்தம் கேக்காதா?" எழுத்தர் ஒன்பதை அடித்து ஏழு என்று எழுதினார். "திடலோட எல்லையில அம்பத்தஞ்சு டெசிபல். நேரமோ சத்தமோ, எது தாண்டினாலும் செட்டைத் தூக்கிட்டு வந்துருவோம். உங்க தெருவுக்கு அப்புறம் அனுமதின்ற பேச்சே கிடையாது."

மைக் செட்காரர் அந்த எண்ணைக் கேட்டதும் சிரித்தார். "அம்பத்தஞ்சா? ரெண்டு பேர் சண்டை போடாம பேசினாலே அவ்வளவு வரும் சார்." பிறகு சிரிப்பு நின்றது. ஒருமுறை வேறொரு தெருவில் அவருடைய பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மழைக்காலம் முழுக்கக் காவல் நிலையச் சுவரோரம் கிடந்துவிட்டுத் திரும்பிய ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. "ஏழுன்னா ஏழு. நானே நிறுத்திருவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"திட்ட மாட்டேன்."

அந்த வருடம் செயலாளரின் மனைவி பாடுவதாக இருந்தது. தபால் நிலையக் கவுன்டரில் வேலை பார்ப்பவள். ஊர் உலகத்துக்கெல்லாம் முத்திரை குத்தி அனுப்பிவிட்டு வந்து, அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவாள். மைக் முன்னால் நின்றதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். மைக் செட்காரர் வீட்டுக்கு வந்தபோது, வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். நாலு விரல் என்றார். அன்றிலிருந்து சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நாலு விரல் அளந்து அளந்து பாடினாள்.

நிகழ்ச்சி நிரலில் அவளுடைய பாட்டு கடைசியில் இருந்தது.

"என்னங்க, தலைவருக்கு அப்புறமா நான்?"

"நல்ல நிகழ்ச்சியைக் கடைசியிலதான் வைப்பாங்க."

"இந்தக் கதையை டிப்போவுல போய்ச் சொல்லுங்க. அவர் பேசி முடிச்சு எனக்கு மைக் மிஞ்சுமா?"

"சொல்லிட்டேன். ரெண்டு வார்த்தைதான் பேசுவேன்னார்."

அவள் அவரைப் பார்த்தாள், சிரிக்கக்கூட இல்லை. சங்கத் தலைவர் எந்தக் கூட்டத்திலும் 'ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்' என்றுதான் ஆரம்பிப்பார். தெருவில் அவருக்குப் பெயரே 'ரெண்டு வார்த்தை'தான்.

ஒன்பது மணி என்று இருந்தவரை கடைசி இடம் மோசமில்லை. ஏழாகச் சுருங்கியதும் செயலாளர் வினாடி வினாவை எடுத்தார், ஓரங்க நாடகத்தை எடுத்தார். பேச்சாளர்களில் ஒருவரையும் எடுக்க முடியவில்லை. மனைவியை முன்னால் தூக்கிப் போட ஒரு கோடு கிழித்தால் போதும். ஆனால் அவருக்கு முந்தைய செயலாளர் ஒரு தடவை தன் மாப்பிள்ளையை முதலில் மேடையேற்றிவிட்டு, வீடு மாற்றிப் போகும்வரை 'மாப்பிள்ளை செயலாளர்' என்று பெயர் வாங்கியிருந்தார். பேனா காகிதத்தின் மேலேயே நின்றது, இறங்கவில்லை.

விழா அன்று சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் பின்வரிசைக்கு எதுவும் எட்டவில்லை. கேட்காதவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசியதில் நடுவரிசைக்கும் கேட்காமல் போயிற்று. அவர்களும் பேசினார்கள்.

"நம்ம ஸ்பீக்கரைவிட இவங்கதான் சார் அதிகம்," என்றார் மைக் செட்காரர். "இவங்களுக்கு யார் அனுமதி வாங்கினது?"

தலைவர் எழுந்தபோது ஆறரை ஆகியிருந்தது. சங்கம் உருவான கதை, குழாய் போட்ட கதை, குழாயைத் தோண்டி மறுபடி போட்ட கதை. செயலாளர் ஒரு சீட்டில் 'சுருக்கமாக' என்று எழுதி மேடைக்கு அனுப்பினார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மைக்கிலேயே படித்தார்.

"தம்பி என்னைச் சுருக்கமா பேசச் சொல்லுது. சுருக்கம்னதும்தான் ஞாபகம் வருது..."

கூட்டம் சிரித்தது. நுழைவாயிலில் ஒரு காவலர் வந்து வண்டியை நிறுத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றார்.

தலைவர் இறங்கியபோது ஏழுக்கு இரண்டு நிமிடமே இருந்தது. செயலாளரின் மனைவி மேடையேறினாள். தலைவர் உயரமானவர், மைக் அவளுடைய நெற்றிக்கு இருந்தது. திருகைத் தளர்த்தி இறக்கினாள். அது நழுவி அடிவரை போயிற்று. மறுபடி தூக்கி முறுக்கினாள். நாலு விரலை வைத்து அளந்தாள்.

பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்து மைக் செட்காரர் செயலாளரைப் பார்த்தார். கை சுவிட்ச் மேல் இருந்தது. ஒரு பாட்டு எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம். செயலாளர் தலையை ஆட்டினால் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்திருப்பார். வாசலில் காவலர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். தாமதமாக வந்த வண்டியைச் சரியான நேரம் என்று செயலாளர் ஒருநாளும் எழுதியதில்லை.

அவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

அவள் முதல் வரியில் இருந்தாள். மைக் அணைந்து, குரல் பாதியில் திடலைவிட்டு மேடைக்குள் சுருங்கிப்போனது. முன்வரிசையில் சிலர், அவள் இன்னும் பாடுகிறாள் என்று கண்டுகொண்டார்கள். மற்றவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த ஒரு வரியை முடித்தாள். மைக்கின் கம்பி காலில் தட்டாமல் ஒதுக்கி வைத்துவிட்டு இறங்கினாள்.

வீட்டில் அவள் செருப்பைக் கழற்றும்போது செயலாளர் சொன்னார், "அந்தத் தலைவர் இருக்காரே..."

"அவரை ஏன் சொல்றீங்க? அவர் அப்படித்தான்னு தெருவுக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"உன்னை முன்னாடி போட்டா தெரு என்ன பேசும்னு..."

"இப்ப என்ன பேசுது?"

நாற்காலி அடுக்கும்போது காதில் விழுந்ததை அவர் சொன்னார். "பொண்டாட்டின்னுகூடப் பாக்கல, நேர்மையான ஆளுன்னு பேசுது."

"அப்ப உங்க விழா நல்லா நடந்திருக்கு," என்றாள். சமையலறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது. பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது.

திங்கட்கிழமை எழுத்தர், புகார் எதுவும் வரவில்லை என்று குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டும் அனுமதி கிடைத்தது, ஏழு மணி வரை. தலைவரின் பேச்சு முதலில் வைக்கப்பட்டது. நிகழ்ச்சிகள் ஆறே முக்காலுக்கு முடிந்தன. மனைவியின் பெயர் நிரலில் இல்லை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.