அண்ணனின் எச்சில்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இல்லையென்றால், மிச்சமிருக்கும் என் இரண்டு பற்களும் இன்றே விழட்டும்.

மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு மூடி திருகும் பெண்கள் ஒன்பது பேர் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு தாள், ஒரு கண்ணாடிக் குழாய். தாளில் இருபது கேள்விகள்: காரணமில்லாமல் பயம் வருகிறதா, கை நடுங்குகிறதா, தூக்கம் கெடுகிறதா. குழாயில் துப்ப வேண்டும். பதறுகிறவர்களின் எச்சிலில் கார்ட்டிசால் என்கிற சுரப்பு ஏறியிருக்குமாம். அதுவும் தாளில் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களாம். பதற்றக்காரர்களுக்கு இனி மெஷின் பக்கம் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வரிசையில் கடைசியாக நின்றவள், இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள். அதைக் கேட்டதிலிருந்தே அவளுக்குக் கை நடுங்கியது. எல்லாக் கேள்விக்கும் 'இல்லவே இல்லை' என்று கோடு போட்டாள். கோடு நெளிந்துதான் விழுந்தது. தாளில் பொய் எழுதலாம், எச்சிலுக்கு என்ன செய்வது?

அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான் அங்கே சூப்பர்வைசர். ஐஸ்கட்டி என்பார்கள். கொதிகலன் வெடித்த அன்று, டீயில் விழுந்த கூரைத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடித்தவன்.

"அண்ணே, இதுல நீ துப்பிக் குடுண்ணே. இல்லாட்டி என் வேலை போயிடும்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயை வாங்கிக்கொண்டான். விஷயம் மற்ற எட்டுப் பேருக்கும் எட்டியது. எங்களுக்கு மட்டும் நீங்கள் அண்ணன் இல்லையா என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒன்பதாவது குழாய்க்கு வருவதற்குள் அவனுக்கு வாய் வறண்டுபோய், அவன் முகத்துக்கு நேரே எலுமிச்சம்பழம் பிழிந்து காட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் ஆய்வகத்துக்காரர் மூச்சிரைக்க வந்தார். ஒன்பது தாளிலும் பயம் பூஜ்யம். ஒன்பது குழாயிலும் கார்ட்டிசால் எகிறிய எகிறலில் கருவியின் முள் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி நிற்கிறதாம். புலி துரத்துகிற ஆளுக்குக்கூட இதில் பாதிதான் இருக்கும் என்றார்.

பெண்கள் ஐஸ்கட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு என்னண்ணே இவ்வளவு பயம்?" என்று தங்கை கேட்டாள்.

"உடம்புச் சூடும்மா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று மாலை கேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். பரிசோதனையில் தேறாததால் வேலை நீக்கம் என்று தலைப்பு. அவள் விரலை வைத்துக் கீழே இறங்கினாள். ஒன்பதாவதாக அவள் பெயர்.

பட்டியலில் இருந்த தேதி, அவர்கள் குழாய் வாங்கிய நாளுக்கு ஒரு வாரம் முந்தையது. அடியில் அண்ணனின் கையெழுத்து.