கஃப்ஜியிலிருந்து வந்தவன்

வாய்க்கரிசிக்கென்று பச்சரிசியைக் கழுவித் தட்டத்தில் பரப்பிக்கொண்டிருந்தார் சிவனேசன். தம்பியின் மகள் தனுஷா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, ஐயர் வரமாட்டார். நான் வேண்டாமெண்டு சொல்லிட்டன்."

அவர் திரும்பவில்லை. "ஆரைக் கேட்டுச் சொன்னனீ?"

"அப்பாவைத்தான். ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னவர். 'அண்ணை எனக்கு எல்லாம் செய்து முடிச்சிட்டார். ஒருத்தனுக்கு ரெண்டு தரம் செய்யிறேல்லை' எண்டு."

அரிசியில் அளைந்த கை நின்றது.

"ஒரு காரியமும் செய்யாமல் அனுப்பினால் சனம் என்ன கதைக்கும்? அநாதைப் பிணமே அவன்?"

"கதைக்கிறவை கதைக்கட்டும். அப்பா கேட்டது அது ஒண்டுதான்."

பொய்யில்லை, அவர் செய்து முடித்திருந்தார்தான். வளைகுடாப் போர் நடந்த ஆண்டு. சவூதி எல்லையில் கஃப்ஜி என்ற நகரத்தில், ஒரு பாண் பேக்கரியில் தம்பி யசீகரன் வேலை செய்தான். ஈராக்கியத் தாங்கிகள் நகரத்துக்குள் புகுந்தன. சவூதிப் படையும் கட்டார் படையும், மேலே அமெரிக்க விமானங்களுமாகச் சேர்ந்து நகரத்தை மீட்டுவிட்டதாக வானொலி வெற்றிக் குரலில் சொன்னது. பேக்கரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவன்தான் சொன்னான், பேக்கரியில் ஷெல் விழுந்தது, ஒருவரும் மிஞ்சவில்லை என்று.

"இன்னும் கொஞ்சம் பொறுப்பம்" என்று அம்மா அழுதாள். அவர் பொறுக்கவில்லை. செத்தவனை ஆவியாக அலையவிட்ட குடும்பம் என்று பெயர் வரக்கூடாது. மீசையை வழித்தார். தர்ப்பையால் உருவம் செய்து, தம்பி என்று சொல்லிக் கொளுத்தினார். படத்துக்கு மாலை போட்டார்.

வைகாசியில் யசீகரன் பையோடு ஊரில் வந்து இறங்கினான். அண்ணனின் முகத்தைப் பார்த்த பிறகு கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, மீசை எங்க?"

"போய்க் குளிச்சிட்டு வா" என்றார் அவர். அதற்குமேல் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் இல்லை, பிறகு இந்த நாட்டுக்குத் தம்பியே கூப்பிட்டு, பாபகூரா என்ற புறநகர் வீட்டில் இருவரும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்த இத்தனை வருஷத்திலும் இல்லை.

பக்கத்தில் விரி என்ற இடத்துப் பாண் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன யசீகரன், பிறந்தநாள் வீடுகளில் அதைப் பகிடியாகச் சொல்வான். "மா மூட்டைக்குள்ள ஒளிச்சிருந்தன். சண்டை ஓய்ஞ்சு, வெள்ளை வெளேரெண்டு வெளியில வந்தால் கட்டார் ஆமிக்காரன் பேயெண்டு துவக்கை நீட்டுறான். மூண்டு மாதம் காம்பில அடைச்சு வச்சிட்டு விட்டாங்கள். வீட்டை வந்தால், அம்மாவும் பேயெண்டு கதவைச் சாத்துறா!" சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். தர்ப்பைக் கதையை மட்டும் அவன் சொன்னதில்லை. அண்ணன் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றிவிடுவான்.

சிவனேசன் கையைத் துடைத்து, நரைத்த மீசையைத் தடவினார்.

"பிள்ளை, அவன் அதைச் சிரிச்சுக்கொண்டே சொன்னவன்?"

தனுஷா யோசித்தாள். "தெரியேல்லை பெரியப்பா. முகத்தில ஒக்சிசன் மாஸ்க் போட்டிருந்தது."

அவர் தலையாட்டினார். அரிசித் தட்டத்தை ஒரு துணியால் மூடி அலுமாரிக்குள் வைத்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

உடல் வைத்த மண்டபத்தில் தேவாரம் இல்லை, சுண்ணம் இடிக்கும் பாட்டு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த சமோவா நண்பர்கள் இருவர் தங்கள் மொழியில் மெல்லப் பாடினார்கள். தெரிந்தவர்கள் சிவனேசனின் கையைப் பிடித்து, மழையைப் பற்றியும் மோட்டர்வே நெரிசலைப் பற்றியும் கதைத்தார்கள். அவர் நிமிர்ந்தே நின்றார். தனுஷா ஒருமுறை அவருடைய மேலுதட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினாள்.

முகம் பார்க்க அவருடைய முறை வந்தது. பெட்டிக்குள் யசீகரனுக்குப் பௌடர் கொஞ்சம் அதிகமாகவே பூசியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தான்.

சிவனேசன் குனிந்து, தம்பியின் முகத்துக்கு நேரே தன் மழித்த முகத்தைக் கொண்டுபோய், அவன் ஏதோ கேட்கப்போகிறான் என்பதுபோல் அப்படியே நின்றார். பின்னால் வரிசை காத்திருந்தது.