எட்டு அணிகள் ஏறிய கடிதம்

"வீடு அழுவுதுன்னு எழுதியிருக்கீங்களே, எந்தப் பக்கம் அழுவுது? சமையல்கட்டா, குளியலறையா?"

"அது பெர்சானிஃபிகேஷன், வீட்டை ஆளா வெச்சுச் சொல்றது. உனக்குப் புரியாது, குடு இப்படி—"

"நல்லாப் புரியுது. நம்ம பொண்ணு, குழாய் ஒழுகறதைச் சொல்றீங்கன்னு நினைச்சுப்பா."

"கசக்காத, ஏய், இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு—"

1

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது: பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், என் முதுகுக்குப் பின்னால், இரண்டு குரல்களாக. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் வந்துவிட்டால் எனக்குக் கதை போய்விடும். எனக்கு எல்லாமே காது வழிதான். பாதியில் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாயைத் திறந்துகொண்டு கிடந்த அரைமணி நேரத்தில் மீதியை மனசுக்குள் நானே கேட்டுக்கொண்டேன். [மரத்துப்போன தாடையோடு வீடு வந்து எழுதியது. எங்காவது குளறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

2

முதலில், 'சன்னல் வழியே வெயில் ஒரு பூனையைப் போல' என்று ஆரம்பித்து

விட்டுவிட்டேன். அந்த மனிதர் செய்த தப்பையே நானும் செய்வானேன்?

அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். ஒரே மகள், வேறு ஊரில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறாள். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத ஒருவனை மூன்று வருடத்துக்கு முன் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு இவர் வாசலில் நின்று, "எனக்கு மக செத்துட்டா" என்றார். அதோடு அப்பா மகள் பேச்சு நின்றது.

இப்போது அம்மாவிடம் ஒரு தகவல் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலில் இந்த ஊரைக் கடந்து போகிறார்கள். அன்று சொன்னதற்கு அப்பா ஏதாவது எழுதி அனுப்பட்டும். தன் கணவருக்கும் புரிய வேண்டும், அதனால் ஆங்கிலத்தில். மனசுக்குச் சரியென்று பட்டால் இறங்குவார்கள். இல்லாவிட்டால் ரயில் பாட்டுக்குப் போய்விடும்.

மகளின் பழைய இழுப்பறையில் அவருக்கு ஒரு தாள் கிடைத்தது. மாணவர்களுக்காக அவள் தயாரித்தது. ஆங்கிலத்தில் அழகாகவும் அழுத்தமாகவும் சொல்ல எட்டு வழிகள்: சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), அலிட்டரேஷன் (மோனை) என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டோடு.

தொழில் அவரைக் கவிழ்த்தது இங்கேதான். லிஃப்ட் பரிசோதனைத் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. கயிறு, பிரேக், கதவு, மணி, எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தால்தான் ஆள் ஏறலாம். அதே கையோடு எட்டு அணிக்கும் எட்டு வாக்கியம் எழுதி, பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டு வந்தார்.

3

"'டியர் டாட்டர், டாடி டெய்லி ட்ரீம்ஸ் அண்ட் டைஸ்.' என்னங்க இது?"

"எல்லாம் ஒரே சத்தத்துல ஆரம்பிக்கணும். அதான் ரூல்."

"மகளைச் சாகடிச்சது போதாதுன்னு இப்ப நீங்களும் கிளம்பிட்டீங்களா?"

அவர் கடைசிச் சொல்லின் மேல் கோடு போட்டார். பிறகு தாளில் ஐந்தாவதைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தா, அன்னிக்கு நான் சொன்னதும் இதுல இருக்கு. ஹைபர்போலி. மிகைப்படுத்திச் சொல்றது. நெஜம்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. அவளே எழுதி வெச்சிருக்கா. இதைச் சொன்னா கதை முடிஞ்சுது."

"எடுத்துக்காட்டு என்ன போட்டிருக்கா?"

"ஒரு குதிரையையே தின்னுடுவேன், அவ்ளோ பசின்னு."

"குதிரை பொய். பசியும் பொய்யா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"உங்களுக்கு அன்னிக்கு என்னங்க பண்ணிச்சு? அதை எழுதுங்க."

[இவள் இத்தனை கெட்டிக்காரியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் 'உயிர் போகுது' என்று வந்து நிற்பவர்களிடம் 'எங்க வலிக்குது' என்று கேட்டுக் கேட்டுப் பழகியவள். இருந்துவிட்டுப் போகட்டும்.]

4

மத்தியானம் மேசையிலேயே கண்ணயர்ந்தார். கனவில் எட்டு அணிகளும் லிஃப்ட்டில் ஏறின. உவமை, பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தைச் சரிசெய்துகொண்டது. உருவகம் மேகமாக நுழைந்து ஆளாக நின்றது. எடை மிஞ்சி மணி அடித்தது. ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார்; மிகைதான் கடைசியாக, வாசலை அடைத்துக்கொண்டு இறங்கியது. அப்புறமும் மணி ஓயவில்லை. அவர் ஒருவரை மட்டும் சுமந்துகொண்டு லிஃப்ட் மெதுவாக ஏறியது. திறந்தால் மகள் வீடு. மருமகன் சிரித்த முகமாக ஏதோ கேட்கிறான். இவர் வாய் திறக்கிறார், சத்தம் இல்லை. உட்காரப் போன சோபா, வெள்ளையாய், நீண்டுகொண்டே

"என்னங்க, முனகறீங்க?"

"பயந்துட்டேன்டி."

"கனவா?"

"இல்ல, அன்னிக்கு. அவ வீட்டுக்குப் போனா ரெண்டு பேரும் அவங்க பாஷையில பேசிச் சிரிப்பாங்க. நான் ஊமை மாதிரி ஃபேனைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். என் பொண்ணு வீட்டுலயே."

அவள் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது எந்தக் கட்டத்துல வரும்?" என்றார் அவர்.

"எதுலயும் வராது. எழுதுங்க."

5

முடிவுக்கு வந்தால் தகராறு. கடிதம் போய், ஞாயிறன்று மகள் நடைமேடையில் இறங்கி ஓடிவருவதாக ஒன்று எழுதினேன், மழைத்தூறல்கூடப் போட்டேன். அடித்துவிட்டேன். ரயில் நிற்காமல் போக, அவர் தூக்கிய கையை இறக்காமல் நிற்பதாக இன்னொன்று. அது அழகாக இருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. இரண்டிலுமே மகள் ஏதாவது பேசியாக வேண்டும். அவள் குரல் இன்னும் என் காதில் விழவே இல்லை. விழாத குரலை நான் எழுதியதில்லை. உங்களுக்கு விழுந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். சனிக்கிழமை. பயந்துபோனதைச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. காகிதத்தை ஒதுக்கிவிட்டு, மனைவியின் ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிடுகிறார். "ஹலோ" என்று ஓர் ஆண் குரல்.

"மாப்பிள்ளை, நான் அவ அப்பா. உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம பயந்துபோய்தான் அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன்."

"ஹலோ?" என்கிறது குரல் மறுபடி. பிறகு ஏதோ கைமாறும் ஓசை. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

"நீ கேட்டுட்டுதான் இருக்கேன்னு தெரியும்மா. இதை அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."